பத்து எம்பிக்குள்ள பரதநாட்டியம்

வந்துடுச்சுங்க, பல்கலைக்கழக ஆன்லைன் கலைப் போட்டியோட ரிசல்ட் மெயில், பரதநாட்டியம் ஆடி வீடியோ அனுப்பின பொண்ணுக்கு. "தங்கள் காணொளியில் முத்திரைகளும் முகபாவங்களும் தெளிவாகப் புலப்படாததால் அடுத்த சுற்றுக்குப் பரிசீலிக்க இயலவில்லை."

புலப்படலையாம். எப்படிங்க புலப்படும்? நீங்க போட்ட விதியை நீங்களே ஒரு தடவை திருப்பிப் படிங்க. விதி 3: வீடியோ ஹெச்டி தரத்தில் இருக்க வேண்டும். விதி 4: நடனம் 5 நிமிடம். விதி 7: கோப்பின் அளவு 10 எம்பிக்கு மிகாமல் இருக்க வேண்டும். விதி 9: எடிட் செய்த காணொளி நிராகரிக்கப்படும். நாலையும் நாலு பேர் நாலு ரூம்ல உக்காந்து எழுதி, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காமலே சர்க்குலர் அனுப்பிட்டாங்க போல.

இது ஏதோ கலைக் கல்லூரியில நடந்திருந்தாக்கூட விட்டுடலாம். பொறியியல் பல்கலைக்கழகம்ங்க இது! ஒரு தடத்துல நொடிக்கு எவ்வளவு பிட் அனுப்பலாம்னு சொல்ற ஷேனனோட சேனல் கெபாசிட்டியை ரெண்டு மார்க் கேள்வியாக் கேட்டு, யூனிட் எழுதலைன்னா அரை மார்க்கைப் புடுங்குற ஊரு. அங்க ஒருத்தருக்கும் இந்த வகுத்தல் கணக்கு தோணலை: பைட்டுக்கு 8 பிட், அப்ப 10 எம்பின்னா 80 மெகாபிட். 5 நிமிஷம்னா 300 நொடி. வகுத்தா நொடிக்கு 267 கிலோபிட். படமும் பாட்டும் சேர்த்தே அவ்வளவுதான். சாதாரண ஃபோன்ல 1080 தரத்துல எடுத்தா நொடிக்குச் சுமார் 17 மெகாபிட் ஓடும், 5 நிமிஷத்துக்கு 630 எம்பிக்கு மேல வந்து நிக்கும். அதை 60 மடங்குக்கு மேல நசுக்கணும். நசுக்கினப்புறமும் முத்திரை தெரியணுமாம். பிழிஞ்ச கரும்புச் சக்கையில சாறு எங்கன்னு கேக்குறாங்க.

இந்தப் பத்து எம்பி எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? எந்தக் கமிட்டியும் கூடி முடிவு பண்ணலை. கூகுள் படிவத்துல கோப்பு வாங்குற கேள்வியைச் சேத்தா, அளவுக்கு ஒரு பட்டியல் வரும்: 1 எம்பி, 10 எம்பி, 100 எம்பி, 1 ஜிபி, 10 ஜிபி. தானா வந்து நிக்கிறது 10 எம்பி. யாரும் அதைத் தொடலை, அவ்வளவுதான் விஷயம். தானா நின்ன எண்ணை விதி 7 ஆக்கி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பிட்டாங்க. (அந்த முத்திரை மட்டும் நல்லாப் புலப்படுது.)

இப்ப அந்தக் கடைசி நாளை மட்டும் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. மூணாம் வருஷ ஈசிஇ பொண்ணு, ஒரு கீர்த்தனைக்கு ஆடணும். ஹாஸ்டல் ரூம் பத்தடி. அரைமண்டி உக்காந்து ரெண்டு கையையும் நீட்டினா, தலையும் பாதமும் ஃப்ரேம்ல வர ஃபோன் நல்லாத் தள்ளி நிக்கணும். ஃபோன் வேற ஆட்டத்தைக் குறைக்கிறேன்னு படத்தோட நாலு ஓரத்தையும் வெட்டிக்கும். ரூம்ல எடுத்தா ஒண்ணு சடை போகும், இல்ல சலங்கை போகும். சரி, மொட்டை மாடி. அங்க காத்து. மைக்குல காத்து அடிச்சா "புர்ர்ர்"னு ஒரு சத்தம் வருமே, அது தனி ஆவர்த்தனம். மைக் ஓட்டை மேல மெல்லிசாப் பஞ்சு ஒட்டணும். ஃபோனோட தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு வேற, காலைத் தரையில தட்டுற தட்டடவு விழும்போதெல்லாம் பாட்டோட சத்தத்தைக் கீழ இறக்கி மறுபடி ஏத்தும். கேக்குறவங்களுக்குப் பாடகி கிணத்துக்குள்ள விழுந்து விழுந்து எந்திரிக்கிற மாதிரி இருக்கும்.

விதி 9 இருக்குறதால ஒரே டேக். நாலாவது நிமிஷத்துல பக்கத்து பிளாக் பையன் துணி எடுக்க வந்து நிப்பான். மறுபடி முதல்லேருந்து. ஏழாவது டேக்ல வெளிச்சம் போயிடும். வெளிச்சம் குறைஞ்சா படத்துல புள்ளி புள்ளியா இரைச்சல் வரும். அந்த இரைச்சல் ஒவ்வொரு ஃப்ரேம்லயும் மாறுறதால, சுருக்கும்போது இருக்குற கொஞ்சநஞ்ச பிட்டையும் அதுவே தின்னுடும். இதெல்லாம் தெரிஞ்ச பொண்ணுதான். அதனால முன்கூட்டியே பின்னாடி ஒரே நிறத்துல பெட்ஷீட் கட்டி, ஃபோனைச் செங்கல் அடுக்கி அசையாம நிறுத்தி வச்சிருக்கா. பின்புலம் அசையலைன்னா அந்த பிட்டெல்லாம் ஆடுற ஆளுக்குப் போகும். பாடத்திட்டத்துல படிச்சதை உருப்படியா பயன்படுத்தின ஒரே ஆள் அவதான், அவளைத்தான் நிராகரிச்சிருக்கீங்க.

அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு ஹேண்ட்பிரேக்குங்கிற வீடியோ சுருக்குற மென்பொருளைத் திறக்கணும். 480 தரத்துக்கு இறக்கு. ரெண்டு தடவை அலசுற முறையைப் போடு. ஒலி மோனோ, 64 கிலோபிட். படத்துக்கு மிச்சம் 186. மொத்தம் 250ன்னு வச்சாத்தான் 9.4 எம்பில வந்து நிக்கும். சரியா 267 வச்சா கோப்போட மேலுறை அளவும் சேர்ந்து பத்தைத் தாண்டி, படிவம் கடைசி நொடியில சிவப்பு எழுத்தைக் காட்டினாலும் காட்டும். சுருக்கி முடிச்சுப் பாத்தா, விரிஞ்ச தாமரையா அலபத்மம் காட்டின இடத்துல மூடின கையா முஷ்டி தெரியுது. ஜதி வேகமாப் போற இடத்துல விரலே இல்லை, நாலு கட்டம் பறக்குது. உடுப்போட விசிறி மடிப்பு சோத்துக் கஞ்சி மாதிரி கலங்கி நிக்குது. கண்ணு எங்க, மூக்கு எங்கன்னு தேடணும், இதுல அபிநயத்துக்கு 30 மார்க்!

"பெரிய கோப்பு வாங்கினா ஹாஸ்டல் நெட்ல ஏறாதே"ன்னு ஒரு பதில் ரெடியா வச்சிருப்பாங்க. 720 தரத்துல நொடிக்கு 2.5 மெகாபிட் கொடுத்தா முத்திரை, கண்ணு, சடைநாகம் எல்லாம் பளிச்சுன்னு தெரியும். 5 நிமிஷத்துக்கு 94 எம்பி. அந்தப் பட்டியல்ல அடுத்த வரியே 100 எம்பிதான். 2 மெகாபிட் அப்லோடு வேகத்துலகூட ஆறேகால் நிமிஷம். ஒரு டீ குடிச்சுட்டு வர்ற நேரம். ஒரு க்ளிக்குங்க, ஒரே ஒரு க்ளிக்!

அதோட முடிஞ்சுதா? அந்தப் படிவத்துல மொத்தமா எவ்வளவு வாங்கலாம்னு இன்னொரு எண் இருக்கு. அதுவும் தானா 1 ஜிபில நிக்கும். 10 எம்பி கணக்குல நூறு பேர் போட்டா தொட்டி ரொம்பிடும், படிவம் கதவைச் சாத்திடும். பதினொன்றரை மணிக்கு அது சாத்திக்கிச்சு. உடனே வாட்ஸ்அப் குரூப்ல அறிவிப்பு: "டிரைவ் லிங்க் அனுப்பவும்." அனுப்பினவங்கள்ல பாதிப்பேர் 'லிங்க் உள்ள யாரும் பாக்கலாம்'னு மாத்த மறந்துட்டாங்க. நடுவருக்குத் திறக்கலை. அனுமதி கேட்டு மெயில் வந்தப்ப அவங்கல்லாம் தூங்கிட்டாங்க. காலையில "வரவில்லை" பட்டியல்ல பேர்.

பாட்டுப் பிரிவு இன்னும் கொடுமை. நேரலைச் சுற்று ஜூம்ல. அதுல பின்னணி இரைச்சலை நீக்குறதுன்னு ஒண்ணு எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கும். மாறாம ஒரே மாதிரி கேக்குற சத்தம்னா அது ஃபேன்னு நினைச்சு வெட்டிடும். தம்புரா என்ன பண்ணும்? மாறாம ஒரே மாதிரிதான் கேக்கும். வெட்டிடுச்சு. பையன் பக்கத்துல தம்புரா இருக்கு, நடுவர் பக்கத்துல இல்லை. "சுருதிப் பெட்டி இல்லாமல் பாடியது ஏன்?"னு மைனஸ் அஞ்சு. மிருதங்கத்தை என்ன செஞ்சிருக்கும்னு நீங்களே யூகிச்சுக்குங்க, அது கீபோர்டு தட்டுற சத்தம்னு நினைச்சுக்கிச்சு. பாடுறவர் தன் பக்கம் ஆடியோ அமைப்புல போய் இசைக்கலைஞர்களுக்கான 'ஒரிஜினல் சவுண்ட்'டைப் போட்டா போதும். ஒரு வரி சர்க்குலர்ல சொல்லியிருக்கலாம். துணைவேந்தர் வாழ்த்துரைக்கு ஒன்றரைப் பக்கம் இருந்துச்சு, இதுக்கு இடம் இல்லை.

குழுப்பாட்டை நேரலையில பாடச் சொன்ன புண்ணியவானை மட்டும் நேர்ல பாக்கணும். ஆதி தாளம், நிமிஷத்துக்கு 80 எண்ணிக்கை வச்சாலும் ஒரு எண்ணிக்கைக்கு முக்கால் நொடி. இணையத்துல 200 மில்லிநொடி தாமதம்னா கால் எண்ணிக்கைக்கு மேல போச்சு. நாலு ஊர்லேருந்து நாலு பேர் பாடினா அது குழுப்பாட்டா? ரயில்வே ஸ்டேஷன்ல நாலு பிளாட்ஃபார அறிவிப்பு!

மக்கள் விருப்பம்னு லைக்குக்கு 50 மதிப்பெண் வேற. கடைசியில ஜெயிச்சது யாருன்னா, சித்தப்பா மூணு குடியிருப்போர் நலச்சங்க குரூப்புக்கு அட்மினா இருக்குற பையன். அவன் வாசிச்ச கீபோர்டை அவங்க யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, லிங்கைத் தொட்டு லைக்கைத் தட்டிட்டு ஒரு "குட் மார்னிங்" போட்டுட்டுப் போயிட்டாங்க.

சரி, சான்றிதழாவது வந்துச்சேன்னு திறந்து பாத்தா, அந்த டான்ஸ் ஆடின பொண்ணு ரங்கோலிப் போட்டியில கலந்துக்கிட்டாளாம். எக்செல்ல பேர் இருந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அகர வரிசைப்படுத்தியிருக்காங்க, போட்டி இருந்த பக்கத்து நெடுவரிசை நின்ன இடத்துலயே நின்னுடுச்சு. மைம் பண்ணின பையனுக்குப் பேச்சுப் போட்டியில ரெண்டாம் பரிசு. இதைப் பாத்ததும் சிரிச்சுத் தொலைச்சாச்சு, இனி எங்கேருந்து கோவம் வரும்?

இல்ல, வருது. இந்த வாரம் லேப் ரெக்கார்டு வைக்கணும். சர்க்யூட் டயக்ராம் பென்சில்லதான் போடணும், பிரிண்ட் எடுத்து ஒட்டக்கூடாது, எல்லாப் பக்கமும் கையெழுத்து. 84 பக்கம். எழுதி முடிச்சதும் மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே பிடிஎஃப்பா படிவத்துல ஏத்தணுமாம். எத்தனை எம்பிக்குள்ளன்னு நான் சொல்லணுமா?