கைநாட்டு உண்மைதான், ஆனாலும் செல்லாது
நீதிமன்றமும் ஆய்வகமும் ஆதாரத்தை ஒரே மாதிரிதான் எடைபோடுகின்றன என்று இந்தக் கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை, எங்கள் நில வழக்கிலேயே பார்த்துவிட்டேன். தாத்தா வாங்கியதற்கு வெள்ளைத்தாளில் எழுதிய கிரயம் இருந்தது, கீழே விற்றவரின் கைநாட்டு, மை மங்கிப்போன இரண்டு சாட்சிக் கையெழுத்து. ரேகையை ஒப்பிட்டு உண்மை என்று நிபுணர் சொல்லிவிடலாம், ஆனால் 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள நிலத்தின் கிரயம் பதிவாகவில்லை என்றால் 1908 பதிவுச் சட்டப்படி உரிமைக்கு அது சான்றே இல்லை, அனுபவத்தில் இருந்தோம் என்று காட்ட வேண்டுமானால் நீட்டலாம், அவ்வளவுதான். எந்த ஆய்வகத்தில் ஒரு தாளை இப்படி வாசலிலேயே நிறுத்துவார்கள்? மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் புகையைக் கண்டால் அங்கே நெருப்பும் இருக்கும் என்று ஊகிக்கலாம் எனத் தருக்க உதாரணம் சொல்லியிருக்கிறார், சரி, அந்த அனுமானத்தையே சான்றாக ஏற்காத சார்வாகர்களும் (நேரில் கண்டதை மட்டுமே நம்பிய பழைய பொருள்முதல்வாதிகள்) இந்த நாட்டில்தானே வாதாடினார்கள்.