பாஸ்கெட்பாலைத் திட்டுவதற்கு முன் என்எஃப்எல் ஒப்பந்தத்தின் 3-ஆவது பத்தியைப் படியுங்கள்

நேற்றிலிருந்து எல்லார் பக்கத்திலும் அதே வீடியோதான். எது என்று சொல்லவே வேண்டாம். அமெரிக்க ஹைஸ்கூல் ஜிம்மில் பாஸ்கெட்பால், எதிரணியில் அந்தப் பள்ளி வாத்தியார்கள், ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு) எம்பி இறங்கிய என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) ஆட்டக்காரர் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுகிறார். அதைப் பகிர்ந்தவர்களில் பாதிப்பேர் எழுதியிருப்பது "கோடிக்கணக்குல சம்பளம் வாங்கறவனுக்கு இது தேவையா?" மீதிப்பேர், "பொறுப்பில்லாதவன்."

அந்த "பொறுப்பில்லாதவன்" என்ற சொல்தான் மனதை அறுக்கிறது. பள்ளிக்கு நிதி சேர்க்க நடந்த ஆட்டம் அது. அவருடைய கால்பந்துக் கிளப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் விற்றது. நல்ல பெயர் வரும்போது "நம்ம கிளப் பையன்", கால் பிசகினால் மட்டும் "அவன் சொந்த விஷயம்" என்றால் என்ன நியாயம்? நான் சொல்வது ஒன்றுதான்: இப்படிப்பட்ட ஆட்டத்துக்குக் கிளப் எழுத்தில் அனுமதி தரவேண்டும், காயம் பட்டால் சம்பளத்தில் கைவைக்கக் கூடாது.

என்எஃப்எல் ஆட்டக்காரர்கள் கையெழுத்திடும் பொது ஒப்பந்தத்தில் 3-ஆவது பத்தி இருக்கிறது. கிளப்பின் எழுத்து அனுமதி இல்லாமல், "கணிசமான காய ஆபத்து" உள்ள வேறு எதிலும் ஈடுபடக் கூடாது என்பது அதன் சாரம். அந்தப் பத்தியில் பாஸ்கெட்பால் என்ற சொல்லே கிடையாது. கணிசம் என்றால் எவ்வளவு என்றும் கிடையாது. ஆட்டம் சுகமாக முடிந்தால் யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை. அடி பட்ட பிறகுதான் அது கணிசமாகிறது. களத்திலோ கிளப் பயிற்சியிலோ அடிபட்டால் சம்பளம் உண்டு. வெளியே பட்டால் "கால்பந்து சாராத காயம்" என்று தனிப் பட்டியல், சம்பளத்தை நிறுத்திவைக்கக் கிளப்புக்கு உரிமை.

பாஸ்கெட்பால் ஆடாமல் இருந்தால் தப்பித்துவிடலாமா? 2021 மே மாதம் டென்வர் பிராங்கோஸின் ஜாவுவான் ஜேம்ஸ் கால்பந்துக்காகவேதான் உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். கிளப் வளாகத்துக்கு வெளியே செய்தார், அவ்வளவுதான். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலீஸ் நாண் அறுந்தது. அதே பட்டியலில் போட்டார்கள், சில நாளில் அணியை விட்டே விலக்கினார்கள். சுமார் 1 கோடி டாலர் சம்பளம் கேள்விக்குறியானது.

சரி, லீகே நடத்திய விளையாட்டு என்றால்? ராபர்ட் எட்வர்ட்ஸை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸுக்கு 1998-இல் முதல் சீசனிலேயே பந்தோடு 1,115 கஜம் ஓடியவர். 1999 பிப்ரவரியில் ப்ரோ போல் (நட்சத்திர ஆட்டம்) வாரத்தில், புதுமுகங்களுக்காக ஹவாயின் வைக்கிகி கடற்கரையில் என்எஃப்எல்லே வைத்த ஃப்ளாக் ஃபுட்பால். யாரும் யாரையும் இடித்துத் தள்ளாத ஆட்டம். எம்பி இறங்கியபோது மணலில் முழங்கால் விலகி, இரத்தக்குழாயும் சேதமாகி, காலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்று டாக்டர்கள் பயந்தார்கள். மறுபடி என்எஃப்எல்லில் ஆட 2002 ஆனது, அதுவும் வேறு அணியில். அவரைப் பொறுப்பில்லாதவன் என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

"ஆரன் பூன் கதை தெரியாதா?" என்று கேட்பீர்கள். தெரியும். நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேஸ்பால்காரர். 2004 ஜனவரியில் பாஸ்கெட்பால் ஆடி முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் அறுந்தது. அவருடைய ஒப்பந்தத்தில் பாஸ்கெட்பாலுக்குத் தெளிவான தடை இருந்தது, நடந்ததை மறைக்காமல் சொன்னார், 57.5 லட்சம் டாலர் ஒப்பந்தத்தை யாங்கீஸ் முடித்துக்கொண்டது. அது சட்டப்படி சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் சொந்த விருப்பத்துக்கு ஆடினார். பள்ளிக்குப் பணம் சேர்க்க ஆடுகிறவனையும் அதே தராசில் வைக்காதீர்கள்.

"பாஸ்கெட்பால் இவங்களுக்குச் சம்பந்தமில்லாத ஆட்டம்" என்பவர்களுக்குப் பதில் சொல்லவே சலிப்பாக இருக்கிறது. அன்டோனியோ கேட்ஸ் கல்லூரியில் கால்பந்தே ஆடவில்லை. கென்ட் ஸ்டேட்டுக்கு பாஸ்கெட்பால் ஆடியவர், என்எஃப்எல்லில் டைட் எண்டாக (பந்தைப் பிடிக்கவும் ஆளை மறிக்கவும் நிற்பவர்) 116 டச்டவுன் பிடித்து 2025-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். ரீபவுண்டுக்கு உடம்பால் இடம் மறித்து நிற்கிற அதே வேலைதான் டைட் எண்டுக்கு, டச்டவுன் எடுக்கும் எண்ட் சோனில். பட் கிரான்ட் மினியாபோலிஸ் லேக்கர்ஸ் பாஸ்கெட்பால் அணியில் ஆடிவிட்டுத்தான் என்எஃப்எல்லின் ஈகிள்ஸுக்கு வந்தார்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, எங்கே என்று சரியாகப் பாருங்கள். கால்பந்தில் ஒரு பிளே ஐந்தாறு விநாடி, பிறகு மூச்சு வாங்க நேரம். இங்கே 84 அடி கோர்ட்டில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நிற்காமல் ஓட்டம். 130 கிலோ உடம்பு, கட்டாந்தரை மாதிரி இறுகிய மரத்தளம். எம்பி இறங்கும் இடத்தில் இன்னொருவர் பாதம் இருந்தால் கணுக்கால் மடங்கும். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், கீழே அந்த வாத்தியாரின் ஷூ தெரியும்.

அக்கிலீஸ் வேறு ரகம். பக்கத்தில் ஆளே இருக்கமாட்டார்கள். ஒரு கால் பின்னால், முன்பாதத்தில் எடை, சட்டென்று முன்னே உந்தும்போது அறும். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலத் திரும்பிப் பார்ப்பார்கள். உடனே நடக்க வைத்துப் பார்க்காதீர்கள். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைச்சதையை அழுத்துங்கள். பாதம் கீழ்நோக்கி அசையவில்லை என்றால் நாண் அறுந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். களத்துக்குத் திரும்ப 9 மாதத்திலிருந்து ஒரு வருடம்.

இப்படி ஆட்டம் நடத்துகிறவர்களே, இதைக் குறைக்க வழி இருக்கிறது, செலவும் இல்லை. ஆட்டத்தின் ஒவ்வொரு கால்பகுதியும் (குவார்ட்டர்) எட்டு நிமிடம், கடிகாரம் நிற்காமல் ஓடட்டும். பத்துப் பேரையாவது கூட்டி வாருங்கள், ஒருவர் தொடர்ந்து நான்கு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஓட்டப்பயிற்சி ஷூவோடு யாரையும் இறக்காதீர்கள். குதிகால் பகுதி உயரம், பக்கவாட்டில் பிடிமானம் இல்லை, திரும்பும்போது கவிழும். ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் தரையைத் துடையுங்கள், பிள்ளைகள் சிந்திய ஜூஸ் எப்போதும் எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கோட்டுக்கு வெளியே குறைந்தது 3 அடி, முடிந்தால் 10 அடி காலியாக வேண்டும் என்று அமெரிக்க ஹைஸ்கூல் பாஸ்கெட்பால் விதிநூலே சொல்கிறது. சின்ன ஜிம்மில் அங்கேதான் நாற்காலி போடுகிறார்கள். எடுத்துவிடுங்கள், சுவருக்கு மெத்தை கட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட மோசம், இடைவேளையில் ரசிகர்களுக்குப் போடும் கையெழுத்து. வியர்த்த உடம்போடு இருபது நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள், தசை ஆறிப்போகிறது, விசில் ஊதியதும் அப்படியே எழுந்து ஓடுகிறார்கள். மூன்றாம் குவார்ட்டரின் முதல் நிமிடங்களைக் கண்டு நான் பயப்படுவது இதனால்தான். "பிள்ளைங்க சீக்கிரம் வீட்டுக்குப் போகணுமே" என்று ஏற்பாட்டாளர்கள் சொல்கிறார்கள். அந்தக் கையெழுத்துக்காகவே வந்த பிள்ளைகள் அரைமணி நேரம் கூட இருக்கமாட்டார்களா? மேசையை ஆட்டம் முடிந்த பிறகு போடுங்கள். கிளப் ஆபீசிலிருந்து அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு டிக்கெட் அச்சடியுங்கள்.