திரையை அணைத்துவிட்டுப் போட்ட படம்

தங்கை மகன் பள்ளி முடித்துவிட்டான். திரைப்படக் கல்லூரியில்தான் சேருவேன் என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், போன வாரம் போனில் வேறு கதை சொன்னான். "மாமா, ஃபீஸ் கட்டுற காசுக்கு ஒரு நல்ல கேமராவும் லேப்டாப்பும் வாங்கிடலாம். மத்ததெல்லாம்தான் யூடியூப்லயே இருக்கே." உடனே எனக்குப் பதில் வரவில்லை. இதே கேள்வியோடு இன்னும் பல பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

அவன் சொன்னதில் பாதி உண்மை. வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் வேகத்தை 1/48 அல்லது 1/50 வினாடியில் வை, அப்போதுதான் அசைவு இயல்பாகத் தெரியும் என்பதையெல்லாம் கற்றுக்கொள்ள யாரும் மூன்று வருடம் வகுப்பில் உட்காரவேண்டியதில்லை. ஒரு ராத்திரியில் முடிகிற பாடம்.

எனக்குக் கல்லூரியில் கிடைத்தது வேறொன்று.

முதல் வருடக் கடைசியில் ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தேன். ஒரு அறை, ஒரு மேசை, எதிரெதிரே அப்பாவும் மகனும். சன்னல் வெளிச்சம் அப்பாவின் ஒரு கன்னத்தில் மட்டும் விழவேண்டும் என்பதற்காகவே அரை நாள் செலவழித்தேன். ஒலியைப் பற்றி யோசிக்கவே இல்லை. கேமராவின் தலையில் ஒரு மைக் செருகியிருந்தது, அது போதும் என்று நினைத்தேன். மதியம் புழுக்கம் தாங்காமல் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு அப்பாவின் ஷாட்களை எடுத்தோம். மகனின் ஷாட்களை எடுக்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. அப்போது விசிறி ஓடவில்லை.

வகுப்பில் திரையிட்டோம். படம் நன்றாகத்தான் இருந்தது, இரண்டு பேர் கைதட்டவும் செய்தார்கள். எங்கள் ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் ப்ரொஜெக்டரை அணைத்துவிட்டு, அதே படத்தை முதலிலிருந்து ஓடவிட்டார். திரையில் ஒன்றும் இல்லை, ஸ்பீக்கர் மட்டும். அப்பா பேசும்போது 'ம்ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். மகன் பேசும்போது யாரோ கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் அது நின்றது. மறுபடி அப்பா, மறுபடி இரைச்சல். நான் செய்த ஒவ்வொரு வெட்டும் காதில் விழுந்தது. முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு தோழி கேட்டாள்: "இவங்க ரெண்டு பேரும் வேற வேற வீட்டுல இருக்காங்களா?" உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

அந்தப் படத்தை எடிட் செய்யும்போது எத்தனையோ முறை பார்த்திருந்தேன். வசனம் மனப்பாடம் ஆகிவிட்டதால் எனக்கு அந்த இரைச்சல் கேட்கவே இல்லை. அறை நிறைய ஆட்களோடு உட்கார்ந்து கேட்டபோதுதான் கேட்டது. இதை எந்த வீடியோவும் எனக்குச் செய்துகொடுத்திருக்க முடியாது.

பிறகு ஆசிரியர் விளக்கினார். ஷூட்டிங் முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நின்று, அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யவேண்டும். ரூம் டோன் என்பார்கள். எடிட்டில் வசனங்களுக்கு இடையே உள்ள பள்ளத்தை நிரப்புவது அதுதான். மைக்கை இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைத்தால் குரல் சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும், சுற்றியுள்ள இரைச்சலோ அப்படியே இருக்கும். ஆகவே எந்த மைக் என்பதைவிட எவ்வளவு கிட்டே என்பதுதான் முக்கியம்.

அடுத்த படத்தில், கேள்வி கேட்ட அதே தோழிக்காக நான் பூம் பிடித்தேன், அதாவது நீளக் கம்பின் நுனியில் மாட்டிய மைக். கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, மைக் ஃபிரேமுக்குள் வராமல், நிழலும் விழாமல், நடிகையின் நெற்றிக்கு ஒரு முழம் மேலே. நான்காவது டேக்கில் தோள் நடுங்க ஆரம்பித்துவிடும். ஆனால் ஹெட்போனில், வசனத்துக்கு முன்னால் நடிகை எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது. மானிட்டர் முன்னால் இருந்த இயக்குநருக்கு அது தெரியாது. டேக் முடிந்ததும் போய்ச் சொன்னேன். எடிட்டில் தோழி வெட்டை அந்த ஒரு விழுங்கலுக்காகத் தள்ளிப்போட்டாள். அந்தக் காட்சி பிழைத்ததே அதனால்தான் என்று இன்றும் நம்புகிறேன். நடிப்பைப் பற்றி நான் கற்றது அங்கேதான், என் சொந்தப் படத்தில் இல்லை.

என் வருத்தமும் இங்கேதான். வகுப்பில் இருபது பேர் இருந்தால் இருபது பேரும் இயக்குநர்கள். ஒலிக்கு ஆள் கேட்டால் தலை குனிந்துகொள்வார்கள். பல கல்லூரிகளும் இதற்குத் துணைபோகின்றன: விளம்பரத்தில் கேமரா மாடலைப் போடுவார்கள், ஒலிப்பதிவுக்குச் சில வாரங்களை ஒதுக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

உலகின் முதல் திரைப்படக் கல்லூரியாகச் சொல்லப்படுவது 1919-ல் மாஸ்கோவில் தொடங்கியது. உள்நாட்டுப் போர்க் காலம், ஃபிலிம் சுருளுக்கே பஞ்சம். அங்கே பாடம் எடுத்த லெவ் குலெஷோவின் மாணவர்கள் ஃபிலிம் இல்லாமலேயே காட்சிகளை நடித்துப் பழகினார்கள். இருக்கிற படச்சுருள்களைப் பிரித்து மறுபடி ஒட்டிப் பார்த்தார்கள். ஒரே முகத்துக்குப் பக்கத்தில் சூப் கிண்ணத்தை வைத்தால் பசியாகவும் சவப்பெட்டியை வைத்தால் துக்கமாகவும் தெரிகிறது என்ற அவருடைய புகழ்பெற்ற சோதனை அந்தக் காலத்தது. கருவி இல்லாத இடத்தில் அவர்களிடம் இருந்தது, ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிற ஒரு அறை.

அதனால் கல்லூரி தேடுகிறவர்கள் கேமரா அறையைப் பார்த்து மயங்காதீர்கள். மாணவர் படங்களை வகுப்பில் எத்தனை முறை திரையிட்டு விவாதிப்பீர்கள் என்று கேளுங்கள். அடுத்தவர் படத்தில் வேலை செய்தே ஆகவேண்டும் என்ற விதி இருக்கிறதா, எடிட் டேபிளில் ஆசிரியர் பக்கத்தில் உட்காருவாரா என்று சீனியர் மாணவர்களைக் கேளுங்கள். அது இல்லையென்றால், கடன் வாங்கியாவது சேரவேண்டும் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். கல்லூரிப் பக்கமே போகாமல் நல்ல படம் எடுத்தவர்கள் நிறைய பேர் உண்டு. தயங்காமல் குறை சொல்கிற நான்கு பேரை அவர்கள் வேறெங்கோ கண்டுபிடித்திருப்பார்கள்.

நேற்று ராத்திரி மருமகனைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தேன். உன் அறையில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிவு செய், ஹெட்போனில் கேள், என்னென்ன கேட்கிறது என்று எழுதி அனுப்பு. காலையில் பதிவோடு பதினோரு சத்தங்கள் எழுதி அனுப்பியிருக்கிறான். கடைசியாக, "மாமா, நாப்பதாவது செகண்ட்ல ஒண்ணு வருது, அது என்னன்னே தெரியல." நானும் மூன்று தடவை கேட்டுவிட்டேன், பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, சேர்ந்து உட்கார்ந்து கேட்போம் என்று சொல்லியிருக்கிறேன்.