செல்லாக்காசா நான்?

பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் போதும், எங்கள் ஊர்க் கடைக்காரர்களுக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வருமோ! கள்ளநோட்டு கொண்டுவந்தவனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. "இது செல்லாது, வேற கொடு" என்று மேசைமேல் விட்டெறிகிறார்கள். முன்பின் தெரியாதவனை ஒருமையில் அழைக்க யார் கொடுத்த உரிமை இது?

செல்லாது என்று யார் சொன்னது? அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. ரூபாய்க் குறி இல்லையாம், அதனால் போலியாம்! அந்தக் குறியே 2010இல்தான் வந்தது. 2009இல் புழக்கத்துக்கு வந்த நாணயத்தில் அது எப்படி இருக்கும்? நாணயத்தில் '10' என்ற எண்ணுக்கு மேலே பத்துக் கோடு இருந்தால் அசல், பதினைந்து கோடு இருந்தால் போலி என்று எவனோ கிளப்பிய புரளி இன்னும் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் செய்கிறது.

"அண்ணே, இது செல்லும். வங்கியில் கேட்டுப் பாருங்கள்" என்றுதான் சொல்கிறேன். அவர் 'நீ' என்றாலும் நான் 'நீங்கள்' என்றே பேசுகிறேன். உள்ளே கொதிப்பது எனக்குத்தான் தெரியும். அவருடைய சங்கடமும் புரியாமல் இல்லை. மொத்த வியாபாரி வாங்க மாட்டேன் என்கிறாராம். அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நானே சட்டைப்பையில் வேறு நோட்டு தேடியிருப்பேனே! எறிவானேன்?

இதைவிட எரிச்சல், வரிசையில் நிற்கும் பெரிய மனிதர்கள். "விடுங்க சார், ஒரு பத்து ரூபாய்க்காகவா?" என்று எனக்குப் புத்தி சொல்கிறார்கள். கத்தியவரிடம் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை! அவரிடம் சொன்னால் திருப்பிக் கிடைக்கும் என்ற பயம். நான் மரியாதையாகப் பேசுகிறேன் அல்லவா, என் தலையில்தான் எவரும் உபதேசத்தைக் கொட்டலாம். பொறுமையாகப் பேசுகிறவன் பணிந்தும் போகவேண்டும் என்று எந்த ஊர் நியாயம்?

போக மாட்டேன். இனியும் குரலை உயர்த்தப் போவதில்லை, நாணயத்தைத் திரும்ப எடுக்கவும் போவதில்லை. பின்னால் நிற்பவருக்கு அவசரமென்றால், கொஞ்சம் கல்லாப் பக்கம் திரும்பிச் சொல்லட்டும்.