டேடோனாவைப் பழைய வண்டி என்று தள்ளுபவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்த விவாதத்தை நீங்கள் அனைவரும் படித்திருப்பீர்கள். பேச்சு 1960களில் அறிமுகமான இரண்டு இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றியது. ஏலத்தில் லம்போர்கினி மியூராவுக்குப் பல மடங்கு விலை கிடைப்பதால் ஃபெராரி டேடோனாவை அதன் பக்கத்தில் நிறுத்துவதே தவறு என்று நண்பர் தீர்ப்பு எழுதினார். மறுத்துப் பேசிய என்னிடம், "நீங்கள் எதற்குச் சொந்தக்காரர்?" என்று கேட்டார். விலை அதிகம் என்பதாலேயே ஒரு கார் மேலானதாகிவிடாது. வாங்கி, ஓட்டி, பாதுகாக்க நினைப்பவருக்கு டேடோனாவே மேல்.

மியூராவின் அழகை நான் மறுக்கவில்லை. 1966 ஜெனீவா கார் கண்காட்சியில் பெர்டோனே என்ற கார் வடிவமைப்பு நிறுவனத்துக்காக மார்செல்லோ கந்தினி வடிவமைத்த அந்த உடல் வெளிவந்தபோது உலகம் வியந்தது நியாயமே. ஆனால், இருக்கைகளுக்குப் பின்னால் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினைக் குறுக்காக வைத்ததற்கு ஒரு விலை இருந்தது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலைப் பகிர்ந்துகொண்டன. முன்புறத் தொட்டியில் பெட்ரோல் குறையக் குறைய, அதிவேகத்தில் வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டது. கார்புரேட்டரில் வழிந்த பெட்ரோலால் தீப்பிடித்து எரிந்த மியூராக்களும் உண்டு. 1971இல் வந்த மியூராவின் கடைசி வடிவமான எஸ்வி பல குறைகளைத் தீர்த்தது. ஆயில் தனித்தனியானதோ அதிலும் பிற்பகுதி வண்டிகளில்தான். அப்படியானால், "மியூரா வாங்குங்கள்" என்று பொதுவாகச் சொல்பவர் எந்த மியூரா என்று சொல்ல வேண்டாமா?

சில ஆண்டுகளுக்கு முன் இத்தாலியின் மொதெனா நகருக்கு அருகே ஒரு பட்டறையில், மியூராவிலிருந்து வடித்த ஆயிலை மெக்கானிக் ஒருவர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். அதில் மின்னிய இரும்புத் துகள்கள் கியர்களிலிருந்து வந்தவை என்றும், அதே ஆயில்தான் இன்ஜினுக்குள்ளும் ஓடுகிறது என்றும் அவர் விளக்கியதை நான் மறக்கவில்லை. இதை ஏலப் பட்டியலின் வண்ணப்படம் காட்டாது.

டேடோனா 1968இல் பாரிஸில் அறிமுகமானது. 4.4 லிட்டர் இன்ஜினை முன்னாலும் கியர்பாக்ஸைப் பின்னாலும் வைத்து எடையைப் பகிர்ந்தார்கள். இதைப் பழைய சிந்தனை என்கிறார்கள். அந்தப் பழைய சிந்தனைதான் 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் வென்றது. உற்பத்தி நின்று ஆண்டுகள் பல கடந்த பிறகும், 1979இல் அமெரிக்காவின் டேடோனா பந்தயத் தளத்தில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக இரண்டாம் இடம் பிடித்தது. மியூராவை லம்போர்கினி நிறுவனம் பந்தயத்துக்கே அனுப்பவில்லை.

மெதுவாகச் செல்லும்போது டேடோனாவின் ஸ்டீயரிங் கனக்கும் என்பீர்கள். கனக்கும்தான், வேகம் கூடினால் அந்தக் குறை தெரியாது. மியூரா அரிதானது என்பீர்கள். எண்ணூறுக்கும் குறைவாகவே அது உருவானது உண்மை. டேடோனா கூபேக்கள் (நிலையான கூரை கொண்டவை) மட்டும் தெருவுக்குத் தெரு நிற்கின்றனவா? அவையும் ஏறத்தாழ 1,300தான்.

சொந்தக்காரர்கள் மட்டுமே பேசலாம் என்றால், இந்தக் கார்களை வரைந்தவர்களும் பழுதுபார்த்தவர்களும் வாய் திறந்திருக்கவே முடியாது. பல ஆண்டுகளாகப் படித்தும் பார்த்தும் கேட்டும் சேர்த்த அறிவை, வங்கிக் கணக்கைக் கேட்டு அடக்குவது வாதமாகாது. ஆயிலைப் பற்றியும் தீயைப் பற்றியும் நான் கேட்ட கேள்விகளுக்கு நண்பர் இன்னும் பதில் எழுதவில்லை, எழுதட்டும், பேசுவோம்.