கிங்கை அழைத்து வந்தவர்

மார்ட்டின் லூதர் கிங் பற்றி இங்கே எத்தனையோ பதிவுகள் பார்த்துவிட்டேன். அதில் ஒன்றில்கூட ஃபிரெட் ஷட்டில்ஸ்வர்த் என்ற பெயர் கண்ணில் படவில்லை. 1963இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் இருக்கும் பர்மிங்ஹாம் நகரத்துக்குக் கிங் வந்தபோது, அங்கே ஏழு வருஷமாக அடி வாங்கிக்கொண்டும் வழக்குப் போட்டுக்கொண்டும் ஜெயிலுக்குப் போய் வந்துகொண்டும் இருந்த கறுப்பினப் பாப்டிஸ்ட் பாஸ்டர் இவர். வாருங்கள் என்று கிங்கை அழைத்தவரும் இவர்தான். கறுப்பர்களை ஒதுக்கிவைப்பதற்கு எதிரான அந்தப் பர்மிங்ஹாம் போராட்டம் நடக்காமல் இருந்திருந்தால், நிறப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 சிவில் உரிமைச் சட்டம் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்பது என் கருத்து. இவரை நாம் கண்டுகொள்ளாமல் விட்டதற்குக் காரணம், மனுஷனுக்கு யாரோடும் ஒத்துப்போகத் தெரியாது. எனக்கு அவரைப் பிடிப்பதும் அதனால்தான்.

அன்றைய அலபாமாவில் ஒரு கறுப்பின ஆசிரியர் வாயைத் திறந்தால் வேலை போய்விடும். பாஸ்டர் நிலைமை வேறு. பாப்டிஸ்ட் சபைக்கு மேலே பிஷப் என்று யாரும் கிடையாது, பாஸ்டரைக் கூப்பிடுவதும் சம்பளம் கொடுப்பதும் சபை மக்கள்தான். வெள்ளைக்கார முதலாளி நினைத்தாலும் அந்தச் சம்பளத்தில் கைவைக்க முடியாது. அந்த இயக்கத்தில் எங்கு பார்த்தாலும் பாஸ்டர்களாக இருப்பதற்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை, இந்தக் கணக்கும் இருக்கிறது. ஷட்டில்ஸ்வர்த் 1953இலிருந்து பெத்தேல் பாப்டிஸ்ட் சபையின் பாஸ்டர். 1956 ஜூன் 1 அன்று அலபாமா அரசு, கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடி வந்த என்.ஏ.ஏ.சி.பி. அமைப்புக்கு நீதிமன்றம் மூலம் தடை வாங்கியது. நாலே நாளில், ஜூன் 5 அன்று, இவர் கூட்டம் போட்டு 'மனித உரிமைகளுக்கான அலபாமா கிறிஸ்தவ இயக்கம்' என்று புதிதாக ஒன்றை ஆரம்பித்துவிட்டார். தடை செய்தது பழைய பெயரைத்தானே!

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் இரவில் அவருடைய வீட்டுக்கு டைனமைட் வைத்தார்கள். வீடு சபைக் கட்டடத்தை ஒட்டியே இருந்தது. வெடித்தது அவர் படுத்திருந்த அறைக்கு நேர் கீழே. தரை பிய்ந்து போய்விட்டது, மெத்தையோடு தூக்கிப் போடப்பட்டவர் தலையில் ஒரு புடைப்போடு எழுந்து வெளியே வந்தார். அங்கே நின்ற போலீஸ்காரர், கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறிக் கும்பலைச் சேர்ந்தவர், உன் இடத்தில் நான் இருந்தால் ஊரைவிட்டே போய்விடுவேன் என்றாராம். நீங்கள் நான் இல்லையே, போய் உங்கள் கிளான் சகோதரர்களிடம் சொல்லுங்கள், இதிலிருந்து கடவுள் என்னைக் காப்பாற்றியிருக்கிறார் என்றால் நான் கடைசிவரை இங்கேதான் என்று பதில் சொல்லிவிட்டு, மறுநாள் காலையில் திட்டமிட்டபடியே ஆட்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வெள்ளையர் இருக்கைகளில் போய் உட்கார்ந்தார். ஒருநாள் தள்ளிப் போட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

1957 செப்டம்பரில் தன் மகள்களைச் சேர்க்க வெள்ளையர் படிக்கும் ஃபிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். வாசலில் காத்திருந்த கும்பல் சங்கிலியாலும் இரும்புக் குத்துவளையங்களாலும் அடித்தது. மனைவி ரூபிக்கு இடுப்பில் கத்திக்குத்து, மகளின் கால் கார்க் கதவில் சிக்கி நசுங்கியது. இவ்வளவு அடிக்குப் பிறகும் மண்டைக்குள் அடிபடவில்லையே என்று ஆச்சரியப்பட்ட டாக்டரிடம், நான் கஷ்டமான ஊரில் வாழ்வேன் என்று கர்த்தருக்குத் தெரியும், அதனால்தான் கெட்டியான மண்டையாகக் கொடுத்திருக்கிறார் என்றாராம். அவருடைய பேச்சைப் படித்துச் சிரிக்கிறோம், ரூபி என்ன சொன்னார் என்று யாரும் எழுதிவைத்த மாதிரித் தெரியவில்லை. இது எனக்கு உறுத்தும்.

அப்புறம் 1963. பள்ளிப் பிள்ளைகளும் தெருவில் இறங்கி ஊர்வலம் போன பர்மிங்ஹாம் போராட்டம். மே 7 அன்று தீயணைப்புக் குழாய்த் தண்ணீர் அவரை 16ஆம் தெரு சபையின் சுவரில் அடித்துச் சாய்த்தது. ஆம்புலன்ஸில் போனார் என்று கேள்விப்பட்ட போலீஸ் துறை கமிஷனர் புல் கானர், பிண வண்டியில் போயிருக்கக் கூடாதா என்றார். ஷட்டில்ஸ்வர்த் அடிபட்டுப் படுத்திருந்த நேரத்தில், வியாபாரிகளோடு பேச்சு நடக்கிறது என்று ஆர்ப்பாட்டத்தை நிறுத்தக் கிங் ஒத்துக்கொண்டார். மருந்து மயக்கம் தெளியாமலேயே இவர் கிங் இருந்த இடத்துக்கே போய்க் கத்தினார். நிறுத்தலாம் என்று முடிவு செய்ய நீங்கள் யார், கையெழுத்து வராமல் நிறுத்தினால் நானே பிள்ளைகளைத் தெருவுக்குத் திரும்பக் கூட்டிப்போவேன் என்கிற ரீதியில். பெரிய மனிதர்கள் வந்து கூட்டத்தைச் சேர்த்துவிட்டுப் பாதியில் போய்விடுவார்கள், பிறகு கானரோடு குடித்தனம் நடத்த வேண்டியது உள்ளூர்க்காரர்கள்தான் என்ற பயம் அவருக்கு. என்னைக் கேட்டால் கோபம் நியாயம். ஆனாலும் மே 10 அன்று உடன்பாட்டை அறிவிக்கும்போது கிங் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சண்டையை அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நம் ஊர்க் கட்சிகளில் இந்த அளவு சண்டை வந்தால் அன்று சாயங்காலமே தனிக்கொடி பறந்திருக்கும்!

இதற்கு நடுவே வேறொரு கூத்து. 1960இல் நியூயார்க் டைம்ஸில் வந்த ஒரு விளம்பரத்தின் கீழே அலபாமா பாஸ்டர்கள் நாலு பேர் பெயரைக் கேட்காமலே போட்டுவிட்டார்கள், அதில் இவரும் ஒருவர். அந்த விளம்பரத்துக்காக மான்ட்கோமரி நகரக் கமிஷனர் சல்லிவன் போட்ட அவதூறு வழக்கில் அலபாமா நீதிமன்றம் 5 லட்சம் டாலர் இழப்பீடு கட்டச் சொன்னது, இவருடைய காரையும் பறிமுதல் செய்தார்கள். 1964இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து கொடுத்த தீர்ப்புதான், அமெரிக்காவில் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேசுகிற எல்லோரும் இன்றுவரை எடுத்துக்காட்டும் நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன்.

அவரைப் புனிதர் ஆக்க நான் இதை எழுதவில்லை. 1961இல் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டியில் ஒரு சபைக்குப் பாஸ்டராகப் போனார், அங்கிருந்தபடியே பர்மிங்ஹாமுக்குப் போய் வந்தார். அந்தச் சபையில், எல்லாவற்றையும் தானே முடிவு செய்கிறார், பண விஷயத்தில் கணக்குச் சொல்லவில்லை என்று உறுப்பினர்கள் புகார் கிளப்பிச் சபையே பிளந்துபோனது. யார் எதிர்த்தாலும் அசையாத அந்தக் குணம் கானரிடம் வேலைக்கு ஆனது, கணக்குக் கேட்ட சபை மக்களிடமும் அதையே காட்டினால் எப்படி? அவர்கள் என்ன கிளான்காரர்களா? 1966இல் பிரிந்து வந்து கிரேட்டர் நியூ லைட் என்று சொந்தமாக ஒரு சபை தொடங்கினார், 2006 வரை, எண்பது தாண்டிய பிறகும், அதற்குப் பாஸ்டராக இருந்தார்.