ஆஸ்திரேலியாவின் பிராட்பேண்ட் திட்டம் 2013இல் மூடப்பட்டதா?

'2013இல் ஆட்சி மாறியதும் ஆஸ்திரேலியா பிராட்பேண்ட் துறையை மூடிவிட்டது, தேசிய பிராட்பேண்ட் திட்டமும் அதோடு செத்துப்போனது' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி.

2007 டிசம்பரில் உருவான 'பிராட்பேண்ட், தகவல்தொடர்பு, டிஜிட்டல் பொருளாதாரத் துறை' 2013 செப்டம்பரில் கலைக்கப்பட்டது உண்மை. ஆனால் பிராட்பேண்ட், ஒளிபரப்புப் பொறுப்புகள் அப்படியே புதிய தகவல்தொடர்புத் துறைக்குப் போயின. அமைச்சர் மால்கம் டர்ன்புல்; பின்னாளில் பிரதமரானவர்.

திட்டத்தை நடத்தியது அந்தத் துறையும் அல்ல. அதற்கென 2009இல் தொடங்கிய அரசு நிறுவனம், என்பிஎன் (தேசிய பிராட்பேண்ட் வலையமைப்பு), இன்றும் இயங்குகிறது.

மாறியது தொழில்நுட்பம்தான். பெரும்பாலான வீடுகளுக்கு நேரடியாக ஃபைபர் (ஒளியிழைக் கம்பி) என்பது பழைய திட்டம். புதிய அரசு பல இடங்களில் தெருமுனைப் பெட்டியோடு ஃபைபரை நிறுத்தி, அங்கிருந்து வீடுவரை பழைய செப்புக் கம்பியையே வைத்துக்கொண்டது. வேகம் குறைந்தது அதனால்தான். மக்களின் கோபம் நியாயமானது. ஆனாலும் வலையமைப்பு கட்டி முடிந்ததாக 2020 டிசம்பரில் அரசு அறிவித்தது.